நிற்காத செல்லும் விறைத்த குழாயும்

மருத்துவ ஆராய்ச்சிச் செய்திகளில் இரண்டு வரிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று, "வாய்ப் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது". இன்னொன்று, "ரத்தக்குழாய் விறைப்பைக் குறைக்கிறது". தடுப்பதும் குறைப்பதும் ஒரு மாத்திரையாக இருக்கலாம், ஓர் இலைச்சாறாக இருக்கலாம், ஒரு உடற்பயிற்சியாகக்கூட இருக்கலாம். படிப்பவர்களில் பலர் முதல் வரியைப் "புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டாவதை "அடைப்பு கரைகிறது" என்று. இரண்டுமே தப்பு. அதற்குப் படிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வளர்ச்சி, விறைப்பு என்ற சொற்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை போலத் தோன்றுவதால், யாரும் நின்று விளக்குவதில்லை.

இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. பாதி வழியில் அது தெரியவரும்.

புற்று செல் வேகமானதா?

புற்றுநோய் செல் என்றால் தறிகெட்ட வேகத்தில் பெருகும் செல் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சரி, உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுபவை எவை? குடலின் உட்புறச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிவிடுகின்றன. எலும்பு மஜ்ஜை ஒரு நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. பெரும்பாலான புற்றுக்கட்டிகள் இந்த வேகத்துக்குக் கிட்டவே வருவதில்லை. வேகமாகப் பிரியும் செல்லைத் தாக்கும் கீமோதெரபி மருந்தால் முடி கொட்டுகிறது, வாயில் புண் வருகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. அடிபடும் அந்தச் செல்கள் எல்லாம் ஆரோக்கியமானவைதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? கன்னத்தின் உள்பக்கம் பல்லில் கடிபட்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு. சில நாளில் ஆறிவிடும். அந்தச் சில நாளில், காயத்தின் ஓரத்துச் செல்கள் பிரிந்து பெருகிக் குழியை நிரப்புகின்றன. நிரம்பியதும் நின்றுவிடுகின்றன. பள்ளம் மூட வந்த ஆட்கள் தரை சமமானதும் மண்வெட்டியைக் கீழே போடுவது மாதிரி. யாரும் மேற்பார்வை பார்க்காமல் லட்சக்கணக்கான செல்கள் சரியான நேரத்தில் நிறுத்துவதுதான் இதில் உண்மையான அதிசயம். புற்று செல்லிடம் கெட்டுப்போயிருப்பது அந்த நிறுத்தம்தான். பள்ளம் மூடிய பிறகும் அது மண்ணைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மெதுவாகக் கொட்டினாலும் மேடு எழும்பத்தானே செய்யும்.

கணக்காகவும் பார்க்கலாம். ஒரு செல் இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்படி 30 முறை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டுகிறது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கட்டியில் அவ்வளவு செல் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு. கையில் தட்டுப்படும் சிறு கட்டிகூட, அந்தக் கதையின் பிந்திய அத்தியாயம்.

வாயின் உள்பக்கத் தோல்

வாயின் உள்பக்கத்தைப் பல அடுக்காகச் செல்களால் ஆன ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கிறது. அடியில் இருக்கும் அடுக்கு மட்டும்தான் பிரிந்து புதுச் செல்களைத் தருகிறது. அவை மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கடைசியில் எச்சிலோடு உதிர்ந்துவிடுகின்றன. மீன் செதிள் போலத் தட்டையாக இருப்பதால் இவற்றைச் செதிள் செல்கள் என்கிறார்கள். வாய்ப் புற்றுநோயில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இந்தச் செல்களில் தொடங்குவதுதான்.

கன்னத்தின் உட்தோல் முழுவதும் புதிதாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. "இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்வதை இந்த எண்ணோடு சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். ஒரு தலைமுறைச் செல்களே மாறிவிட்ட பிறகும் புண் அப்படியே இருந்தால், அடியில் உள்ள அடுக்கில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட வேண்டும். வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய விஷயமே இல்லை. தொடக்கநிலை வாய்ப் புற்று பல நேரம் வலிப்பதில்லை. தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட முக்கியமாகச் சிவப்புத் திட்டு, இவையும் காட்ட வேண்டியவை. என்னவென்று உறுதியாகச் சொல்வது சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனை. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து அதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. பயத்தில் கழியும் மாதங்கள்தான் உண்மையில் கெடுதல் செய்கின்றன.

உட்தோலுக்கு அடியில் அடித்தளச் சவ்வு என்ற மிக மெல்லிய தடுப்பு இருக்கிறது. ஒழுங்கு தவறிய செல்கள் அதற்கு மேலேயே இருக்கும்வரை அது முன்நிலை மாற்றம். சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கினால் அதன் பெயர் புற்றுநோய். ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் இருப்பது அந்தக் கீழ்ப்பக்கம். ஆகவே இறங்கிய செல்லுக்குப் பயணம் போக வழி கிடைத்துவிடுகிறது.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்

செல் தானாகப் பிரிவதில்லை. வெளியிலிருந்து "பிரி" என்ற சைகை வர வேண்டும். அதைப் பெறும் புரதங்கள் செல்லின் மேற்பரப்பில் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். வாய்ப் புற்று செல்கள் பலவற்றில் ஒருவகை ஏற்பி அளவுக்கு மீறி முளைத்திருக்கும். முணுமுணுப்பே அதன் காதில் கூச்சலாக விழும். இது ஆக்சிலரேட்டரில் கால் அழுந்திய நிலை. அந்த ஏற்பியை மறிக்கும் செடக்சிமாப் என்ற மருந்து தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு 2006 முதல் பயன்பாட்டில் இருக்கிறது.

பிரேக் வேறு. செல்லின் மரபணுவில் அடிபட்டால், "சரிசெய்யும்வரை பிரியாதே, சரியாகாவிட்டால் செத்துப்போ" என்று கட்டளையிடும் புரதம் ஒன்று உண்டு. பி53 என்று பெயர். புகையிலையோடு தொடர்புடைய வாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இந்த பி53 பழுதாகியிருக்கிறது. ஆக்சிலரேட்டர் மட்டும் சிக்கினால் பிரேக் காப்பாற்றும். பிரேக் மட்டும் போனால் மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாம். இரண்டும் போக வேண்டும், கூடவே இன்னும் சில பழுதுகளும் சேர வேண்டும். அதனால்தான் இந்த நோய் உருவாகப் பெரும்பாலும் பல ஆண்டுகள் எடுக்கிறது.

பழுதுகளைச் சேர்ப்பவை எவை என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. புகைக்கும் புகையிலை, மெல்லும் புகையிலை, மது, பாக்கு. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் அபாயம் கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். அப்புறம், இவை வாயில் ஒரு புள்ளியை மட்டும் தொடுவதில்லை, உட்தோல் முழுவதையும் நனைக்கின்றன. 1953-இல் டி. பி. ஸ்லாட்டர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் வாய்ப் புற்றுக் கட்டிகளைச் சுற்றியுள்ள, கண்ணுக்கு ஆரோக்கியமாகவே தெரிந்த தோலையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அங்கேயும் செல்கள் மாறியிருந்தன. கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பிறகும் வாயின் வேறொரு மூலையில் புதிதாக இன்னொன்று வரக்கூடும் என்பது அப்போது புரிந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: "வளர்ச்சி" என்றால் செல் பிரிவது. ஆரோக்கியமான செல்லும் பிரிகிறது, சில நேரம் இன்னும் வேகமாக. புற்று செல்லுக்கு நிற்கத் தெரியவில்லை, இருக்க வேண்டிய எல்லைக்குள் இருக்கவும் தெரியவில்லை.

அடைப்பு வேறு, விறைப்பு வேறு

இப்போது ரத்தக்குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய்க்குத் தமனி என்று பெயர். பழைய தண்ணீர்க் குழாயின் உள்ளே கறை படிந்து வழி குறுகுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது அடைப்பு. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சிச் செல்களும் சேர்ந்து திட்டாகப் படிவது அந்த வகை. இனி இன்னொரு குழாய். உள்ளே ஒரு கறையும் இல்லை, வழி அகலமாகவே இருக்கிறது, ஆனால் வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைப் போல வளையாமல் விறைத்துவிட்டது. தமனி விறைப்பு இதுதான். ஒன்று துவாரத்தின் பிரச்சினை, மற்றது சுவரின் பிரச்சினை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம்.

தமனிக்கு நெகிழ்வு எதற்கு? இதயம் தொடர்ச்சியாக ரத்தத்தை ஊற்றுவதில்லை, விட்டுவிட்டுப் பீச்சுகிறது. ஆனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இடைவிடாத ஓட்டம் வேண்டும். இடையில் நின்று சமன் செய்வது, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனி. பீச்சும்போது அது பலூன் மாதிரி கொஞ்சம் விரிந்து ரத்தத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்துக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் இதைத் தீயணைப்பு இயந்திரத்தின் காற்றுக்கலத்தோடு ஒப்பிட்டார். கையால் விட்டுவிட்டு அழுத்தினாலும் தண்ணீர் சீராகப் பாய அந்தக் கலம்தான் காரணம். கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு ஆகியும் அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

பெருந்தமனிக்கு அந்த நெகிழ்வைக் கொடுப்பது எலாஸ்டின் என்ற ரப்பர் குணமுள்ள புரதம். அதோடு கொலாஜன் என்ற வலுவான இழையும் சுவரில் இருக்கிறது. எலாஸ்டின் இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். கொலாஜன் கயிறு மாதிரி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீளவே நீளாது. எலாஸ்டினில் பெரும்பகுதியை உடம்பு வளரும் வயதிலேயே செய்து முடித்துவிடுகிறது. பிறகு பழுதானால் அதே தரத்தில் புதிதாகச் செய்ய முடிவதில்லை. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அறுபது வயதுக்குள் 200 கோடி முறைக்கு மேல் அந்த ரப்பர் இழுபட்டிருக்கும். இழைகள் மெல்ல அறுகின்றன, அந்தப் பாரத்தைக் கொலாஜன் தாங்கத் தொடங்குகிறது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், புகைபிடித்தல், சிறுநீரக நோய் எல்லாம் இதைத் துரிதப்படுத்துகின்றன.

அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது?

விறைப்பை அளக்க நாடி அலை வேகம் என்ற அளவு இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் ரயிலில் எஞ்சின் வந்து கோக்கும்போது ஓர் உதறல் பெட்டி பெட்டியாகக் கடைசிவரை ஓடும். பெட்டிகள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும், உதறல் மட்டும் பாய்ந்து போகும். இதயத் துடிப்பும் அப்படித்தான். ரத்தம் போவதைவிடப் பல மடங்கு வேகமாக அழுத்த அலை தமனிச் சுவர் வழியே ஓடுகிறது. மணிக்கட்டில் நாடி பார்க்கும்போது விரலில் தட்டுவது அந்த அலை.

நெகிழ்வான குழாயில் அலை மெதுவாகப் போகும், விறைத்த குழாயில் வேகமாகப் போகும். ஆகவே கழுத்தில் ஒரு கருவியையும் தொடை இடுக்கில் ஒரு கருவியையும் வைத்து, அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். இடையில் உள்ள தூரத்தை அதனால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆரோக்கியமான இளைஞரிடம் நொடிக்குச் சுமார் 5 முதல் 6 மீட்டர் இருக்கும். 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி கவலைப்படும் அளவுக்கு விறைத்திருக்கிறது என்று கொள்கிறார்கள். இந்த எண் கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்று சொல்வதில்லை. "விறைப்பு குறைந்தது" என்ற செய்தியை "அடைப்பு கரைந்தது" என்று படிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கருவி இல்லாதவர்கள் ஒரு தடயத்தை ரத்த அழுத்த எண்களிலேயே பார்க்கலாம். 120/80 என்றால் இடைவெளி 40. வயதானவர் ஒருவருக்கு 160/70 என்று வந்தால் "கீழ் எண் நன்றாக இருக்கிறது, மேல் எண்தான் கொஞ்சம் கூட" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இடைவெளி 90 ஆகிவிட்டதை யாரும் கவனிப்பதில்லை. பீச்சும்போது விரிந்து கொடுக்க ஆளில்லாததால் மேல் எண் ஏறுகிறது. ஓய்வின்போது சுருங்கித் தள்ள ஆளில்லாததால் கீழ் எண் இறங்குகிறது. இதயத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியைப் பெறுவது அந்த ஓய்வு நேரத்தில்தான். கீழ் எண் இறங்குவதைக் கொண்டாட அவசரப்பட வேண்டாம்.

ஆக, அடைப்பு என்பது வழியைப் பற்றியது, விறைப்பு சுவரைப் பற்றியது. விறைத்த சுவரில் அலை வேகமாக ஓடும், மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி அகலும்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இப்போது அந்தக் காரணத்துக்கு வருவோம். வாயானாலும் தமனியானாலும் செல்கள் அந்தரத்தில் தொங்குவதில்லை. அவற்றைச் சுற்றிக் கொலாஜன், எலாஸ்டின் முதலிய இழைகளால் பின்னிய ஒரு வலை இருக்கிறது. வெகுகாலம் இதை வெறும் பொதிபஞ்சு மாதிரிதான் நினைத்தார்கள். ஆனால் செல்கள் அந்த வலையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, அது மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்று உணர்கின்றன. 2006-இல் வந்த ஓர் ஆய்வில் வெவ்வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களில் ஒரே வகையை எடுத்து வெவ்வேறு கெட்டித்தன்மையுள்ள கூழ்ப்பரப்புகளில் வளர்த்தார்கள். மூளைத் திசு போல மெத்தென்ற பரப்பில் இருந்தவை நரம்புச் செல்லின் சாயலை எடுத்தன. எலும்பாக இறுகும் முன் உள்ள திசுவைப் போலக் கெட்டியான பரப்பில் இருந்தவை எலும்புச் செல்லின் பக்கம் போயின. கொடுத்த ஊட்டம் ஒன்றே, தரை மட்டும்தான் வேறு. கெட்டியான சூழல் பல செல்களுக்கு "பிரி, நகர்" என்ற சைகையாகவும் வேலை செய்கிறது.

வலையை இறுக்கும் வேலையைச் செய்யும் நொதி ஒன்று உண்டு: லைசில் ஆக்சிடேஸ். நொதி என்றால் உடம்பின் ரசாயன வேலைகளைத் துரிதமாக்கும் புரதம். இது தனித்தனி இழைகளைக் குறுக்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. வேலை செய்ய அதற்குச் செம்பு வேண்டும். வாய்க்கும் தமனிக்கும் இந்த முடிச்சுக்காரர் பொது.

வாயில் இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் போகும் நோய் ஒன்று இருக்கிறது. பாக்கு மெல்லுபவர்களுக்கு உட்தோலுக்கு அடியில் கொலாஜன் குவிந்து, கன்னம் பலகை மாதிரி இறுகி, வாய் திறப்பே சுருங்கிவிடும். வாய் நார்த்திசு இறுக்கம் என்று சொல்லலாம். பாக்கில் உள்ள அரெகோலின் என்ற பொருள் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. பாக்கில் இருக்கும் செம்பு முடிச்சு நொதிக்குத் தீனியாகிறது. இப்படி இறுகிய வாய்களில் ஒரு பகுதி பின்னாளில் புற்றாக மாறுகிறது. இறுக்கம்தான் புற்றைக் கொண்டுவந்தது என்று அவசரமாக முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் பாக்கு நேராக மரபணுவையும் கெடுக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பு வகைப்படுத்துகிறது.

சிகிச்சையிலும் இரண்டும் உரசிக்கொள்கின்றன. வாய்ப் புற்றுக்காகக் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது மூளைக்குப் போகும் கழுத்துத் தமனிகளும் அதன் பாதையில் வருகின்றன. ஆண்டுகள் கழித்து அந்தச் சுவர் தடித்து விறைக்கலாம், பக்கவாத அபாயமும் கூடலாம். புற்றிலிருந்து மீண்டவர் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டில் செத்த செல்

மறுபடி அந்தச் செய்தி வரிக்கு வருவோம். "வளர்ச்சியைத் தடுக்கிறது" என்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் நடந்த சோதனை. செல்கள் மீது பொருளை ஊற்றி, ஓரிரு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பது பரவலான முறை. உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் "வளர்ச்சி குறைந்தது" என்று எழுதுவார்கள். செல் செத்திருக்கலாம், பிரிவதை நிறுத்தியிருக்கலாம், வெறுமனே சோர்ந்தும் போயிருக்கலாம். சாயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. போதிய அளவு ஊற்றினால் உப்பும் சோப்பும்கூட அந்தச் செல்களைக் கொல்லும். அதனால் எவ்வளவு செறிவில் கொன்றது, அந்தச் செறிவு மனித ரத்தத்தில் எட்டக்கூடியதா, பக்கத்துத் தட்டில் இருந்த ஆரோக்கியமான செல்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கட்டுரையை நான் பாதிதான் நம்புவேன்.

இன்னொன்று, அந்தத் தட்டே ஒரு பிரச்சினை. பிளாஸ்டிக் தட்டு மென்மையான திசுவைவிடப் பல லட்சம் மடங்கு கெட்டி. தரையைத் தொட்டுப் பார்த்து நடந்துகொள்ளும் செல்லைப் பாறைமேல் உட்காரவைத்துவிட்டு, அது வாய்க்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்வது கடினம். இப்போது கூழ்ப்பரப்புகளிலும் முப்பரிமாண உருண்டைகளாகவும் செல்களை வளர்க்கிறார்கள். அதற்கு அப்புறம் விலங்குச் சோதனை, பிறகு மனிதரிடம் மூன்று கட்டங்கள். தட்டில் ஜெயித்தவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே விழுந்துவிடுகின்றன.

விறைப்புச் செய்தியில் கேட்க வேண்டியது வேறு. ரத்த அழுத்தம் இறங்கினாலே நாடி அலை வேகமும் இறங்கிவிடும், சுவர் மாறாமலேயே. மருந்து சுவரை மாற்றியதா, அழுத்தத்தை மட்டும் குறைத்ததா என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

சரி, முடிச்சு நொதியையே நிறுத்திவிட்டால் வாயும் தளரும், தமனியும் தளருமே என்று தோன்றலாம். ஸ்வீட் பீ என்ற பூச்செடியின் விதையில் அந்த நொதியை முடக்கும் பொருளின் மூலம் இருக்கிறது. 1950-களில் அந்த விதைகளை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்புகள் கோணின. முடிச்சுகள் இல்லாத பெருந்தமனி வீங்கி வெடித்தது. வாயில் அதிகமாகப் போய்விட்ட அதே முடிச்சுதான் தமனியை வெடிக்காமல் பிடித்துவைத்திருக்கிறது. வாய் இறுகியவர்களுக்கு இன்று பரவலாகச் செய்வது இன்னும் அடக்கமான வேலை: பாக்கை நிறுத்தச் சொல்கிறார்கள், வாயைத் திறக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள், ஸ்டீராய்டையும் திசுவைத் தளர்த்தும் நொதி மருந்தையும் இறுகிய இடத்திலேயே ஊசியாக ஏற்றுகிறார்கள். வாய் சில மில்லிமீட்டர் கூடுதலாகத் திறக்கும். புற்று அபாயம் அதனால் போய்விடுவதில்லை என்பதால், திறப்பு சரியான பிறகும் வாயைப் பார்க்க அவர்களை மறுபடி மறுபடி வரச்சொல்கிறார்கள்.